திறந்த கடிதமும் சேர்ந்த கடிதமும்

தோட்டத்துக் கந்தோருக்குத் தப்பால் பை வரும் நேரத்தை எமது மலையக மக்கள் அனைவரும் அறிவர். பையை மேசையில் கொட்டுவார்கள். தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், ஆளின் பெயர், இவ்வளவுதான் முகவரி. வீட்டு இலக்கம் இல்லை. வீதிப் பெயரும் இல்லை. ஒரே டிவிசனில் மூன்று முனியம்மா இருப்பார்கள். நான்கு இராமசாமி இருப்பார்கள். எந்த முனியம்மாவுக்கு வந்தது என்று அறிவதற்காகவே உறையைப் பிரித்துப் பார்த்த சந்தர்ப்பங்களும் உண்டு. பிரித்த கடிதம் மேசையின் ஓரத்தில் கிடக்கும். "வந்துவிட்டது" என்று கந்தோரில் சொல்வார்கள். "எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்று லயத்தில் சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான்.

திறக்கப்பட்ட கடிதம் வேறு. சேர்ந்த கடிதம் வேறு. இந்த வித்தியாசத்தை ஒரு கணனிக்குச் சொல்லிக்கொடுக்க நாம் மறந்தோம். அதனால் ஒரு குடும்பம் துன்பப்பட்டது. அந்தத் துன்பத்தையும், அதன் பின் நாம் கற்றுக்கொண்டதையும் இவ்விதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இடம்பெயர்ந்தவர்களின் முகவரி

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் புதைந்தன. பல உயிர்கள் போயின. தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றிலும் தங்கவைக்கப்பட்டார்கள். மக்கல்தெனியவில் அவர்களுக்காகக் கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டபோது 2016 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி ஆகிவிட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய முகவரி எது? லயமே மண்ணுக்குள் போன பிறகு, லயத்தின் பெயருக்கு எழுதிய கடிதத்தை யார் வாங்குவது?

அந்தச் சரிவுக்கு முன்னரே வேறொரு கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் அறிவித்திருந்ததாக அனர்த்தத்தின் பின்னர் செய்திகள் வெளியாகின. எச்சரிக்கை எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது, கோப்பில் சேர்ந்தது. லயங்களோ 2014 வரை அதே சரிவிலேயே இருந்தன. ஒரு கடிதம் எங்கோ திறக்கப்பட்டுவிட்டது என்பதால் அது சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வதன் விலை எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

உமாஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டப்பட்ட காலத்தில் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறு வற்றி, சுவர் வெடித்து, வீட்டை விட்டு இறங்கியவர்களை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் மரக்கறிப் பாத்தியையும் வயலையும் வீட்டையும் ஒருசேர இழந்தவர்களையும் அறிவோம். இப்பக்கங்களை வாசிக்கும் உங்களிற் பலர் அவர்களே. பாடசாலை மண்டபத்தில் ஒரு மாதம், உறவினர் வீட்டில் நாலு மாதம், தற்காலிகக் கொட்டிலில் ஒரு வருடம் என்று வாழும் குடும்பத்துக்குத் தபால்காரர் தேடிவரக்கூடிய முகவரி கிடையாது.

மின்னஞ்சல் முகவரிக்கு இந்தக் குறை இல்லை. மலை சரிந்தாலும் அது அங்கேயே இருக்கும். பதுளையிலிருந்தாலும், வவுனியாவிலிருந்தாலும், கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்தாலும் அதே முகவரிதான். வீட்டுத்திட்டப் படிவம், பிள்ளையின் புலமைப்பரிசில் விபரம், வெளிநாட்டில் வேலை செய்யும் மகளின் ஒப்பந்தப் பிரதி, வங்கியின் அறிவித்தல் என்று இன்று பல காரியங்கள் அதன் வழியாகவே வருகின்றன. ஆகவேதான் எமது நிலையத்திலும் ஒரு பொது மின்னஞ்சல் முகவரியை ஏற்படுத்தி, சொந்த முகவரி இல்லாத குடும்பங்கள் அதைத் தமது படிவங்களில் எழுதலாம் என்று அறிவித்தோம்.

பெட்டி நிரம்பிய கதை

தொடக்கத்தில் நாளொன்றுக்கு நாலைந்து கடிதங்கள் வந்தன. தொண்டர் ஒருவர் காலையில் வாசித்து, உரியவருக்குச் சொல்லியனுப்புவார். பின்னர் கடிதங்கள் பெருகின. விளம்பரங்கள் வந்தன. வெள்ளத்தின் படங்களையும் காணொளிகளையும் நண்பர்கள் அனுப்பினார்கள். ஒரு நாள் ஓர் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது, பெட்டி நிரம்பிவிட்டதாம்" என்றார்.

இவ்விடத்தில் சேர்வர் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். உங்களுக்கு வரும் மின்னஞ்சல் நேராக உங்கள் தொலைபேசிக்கு வருவதில்லை. எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக இயங்கும் ஒரு கணனிக்கு அது முதலில் போகிறது. அதுதான் சேர்வர். அதை உபதபாற் கந்தோர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் பெயரில் ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்கு ஓர் அளவு உண்டு. நீங்கள் போய் எடுக்கும்வரை கடிதம் அங்கே காத்திருக்கும். பெட்டி நிரம்பினால் அடுத்த கடிதத்தைத் தபாலதிபர் ஏற்க மாட்டார், அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். சில சேர்வர்கள் நாலைந்து நாட்கள் மீண்டும் மீண்டும் முயன்றுவிட்டுக் கைவிடும்.

பெட்டியில் இடம் வேண்டுமானால் இரண்டு வேலைகளை ஒழுங்காகச் செய்ய வேண்டும். வந்ததை எடுத்துவந்து எமது கணனியில் சேமிக்க வேண்டும். எடுத்ததைச் சேர்வரிலிருந்து அகற்ற வேண்டும். நாள்தோறும் இதைக் கையால் செய்ய எமக்கு ஆள் இல்லை. கொழும்பில் கணனி படித்துவிட்டு வந்திருந்த தோட்டத்து இளைஞர் ஒருவர், "பாதர், இதைத் தானாகவே நடக்கச் செய்யலாம்" என்றார். நாமும் மகிழ்ந்து சம்மதித்தோம்.

தானாக எடுத்துவரும் வேலையாள்

கடிதங்களை மூட்டையாகக் கட்டி, குறித்த நேரத்தில் ஒரு கணனி இன்னொரு கணனியிடமிருந்து எடுத்துவருவது எமது நாட்டுக்குப் புதியதல்ல. இலங்கையில் மின்னஞ்சல் தொடங்கியதே அவ்விதமாகத்தான். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ அவர்களின் முயற்சியால் 1990 அளவில் லேர்ன் என்னும் கல்வி வலையமைப்பின் அஞ்சற்சேவை உருவானது. அப்போது நாள் முழுவதும் திறந்திருக்கும் இணைப்பு இல்லை. தொலைபேசி வழியாக அழைத்து, சேர்ந்திருந்த கடிதங்களைத் தொகுதியாகக் கொடுத்து, வந்திருந்தவற்றைத் தொகுதியாக வாங்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். பொதுமக்களுக்கு இணையச் சேவை விற்கப்படத் தொடங்கியது 1995 இல்தான்.

கடிதத்தைச் சேர்வரிலிருந்து எடுத்துவருவதற்கென ஓர் உடன்படிக்கை உண்டு. அதற்குப் பொப் 3 என்று பெயர். 1988 இல் முதன்முதலாக எழுதப்பட்டது. 1996 இல் திருத்தி எழுதப்பட்ட வடிவம் இன்றும் வழக்கில் உள்ளது. அதன் ஒழுங்கு எம்மைச் சிந்திக்க வைக்கிறது. எடுக்க வரும் கணனி முதலில் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்ல வேண்டும். பின்னர் பட்டியலைக் கேட்கும். ஒவ்வொரு கடிதமாக வாங்கும். வாங்கியதை "அழித்துவிடு" என்று சொல்லும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் சேர்வர் அழித்துவிடாது. அக்கடிதத்தில் ஓர் அடையாளம் மட்டும் இடும். வந்த கணனி எல்லா வேலையையும் முடித்து, முறையாக விடைபெற்ற பின்னரே அடையாளமிட்டவை அகற்றப்படும். இடையில் மின்சாரம் போனால், மழையில் இணைப்பு அறுந்தால், விடைபெறுதல் நடக்கவில்லை. ஆகவே ஒரு கடிதமும் அகற்றப்படாது. மறுமுறை வரும்போது எல்லாம் அப்படியே இருக்கும்.

பதிவுத் தபாலைக் கொண்டுவரும் தபால்காரர், கையொப்பம் விழும்வரை கடிதத்தைக் கைவிடுவதில்லை அல்லவா? அதே நேர்மைதான் இது. எங்கோ இருந்த பொறியியலாளர்கள், தொலைபேசிக் கம்பி அறுந்துபோகும் என்பதை எதிர்பார்த்து, எளியவரின் கடிதம் நடுவழியில் காணாமற் போகாதபடி ஓர் ஒழுங்கை எழுதிவைத்திருக்கிறார்கள்.

இந்த உடன்படிக்கையின்படி ஓடியாடி வேலை செய்யும் மென்பொருட்கள் பல. அவற்றுள் பெட்ச்மெயில் என்பது நன்கு அறியப்பட்டது. அமெரிக்கரான எரிக் ரேமண்ட், தமது வீட்டுக் கணனி தொலைபேசி வழியாக விட்டுவிட்டே இணைக்கப்பட்டிருந்த காலத்தில், பொப்கிளையன்ட் என்ற பழைய மென்பொருளை எடுத்துத் திருத்தி 1996 இல் இதை உருவாக்கினார். இலவசமாகவே எவரும் பாவிக்கலாம். குறித்த நேரத்தில் அதை எழுப்பிவிட க்ரொன் என்ற இன்னொரு மென்பொருள் உண்டு. விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்படித்து ஆட்களை எழுப்புவதைப் போல, அது நாள்தோறும் தவறாமல் வேலையாளை எழுப்பும். எடுத்துவந்த கடிதங்களை இன்னார் இன்னார் என்று தனித்தனி அறைகளில் இட புரொக்மெயில் என்ற மூன்றாவது மென்பொருள் இருந்தது.

இம்மூன்றையும் அந்த இளைஞர் ஒரு பழைய கணனியில் அமைத்துத் தந்தார். பெட்டி நிரம்பும் தொல்லை நீங்கியது. நாம் வேறு வேலைகளைப் பார்க்கத் தொடங்கினோம்.

எங்கே தவறினோம்?

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. இதற்கிடையில் எமது தொண்டர் ஒருவர், கணனியின் முன் அமராமலே கடிதங்களைப் பார்க்கும்படி, அதே பெட்டியைத் தமது கையடக்கத் தொலைபேசியிலும் திறக்க ஏற்பாடு செய்துகொண்டார். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். அதில் ஆபத்து இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு கடிதம் வந்தது. வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்த ஒரு விதவைத் தாயைப் பற்றியது. மலைச்சரிவில் வெடித்த வீட்டை விட்டு, இரண்டு பிள்ளைகளோடு தமது தமையன் வீட்டின் பின்புறக் கொட்டிலில் இருந்தவர் அவர். இன்னின்ன ஆவணங்களின் பிரதிகள் தேவை, 14 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. தொண்டர் வாசித்தார். திங்கட்கிழமை அந்தத் தாயிடம் சொல்லலாம் என்று எண்ணினார். திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல். புதன்கிழமை வந்து கணனியைத் திறந்தபோது அக்கடிதம் இல்லை. தொலைபேசியிலும் இல்லை. சேர்வரிலும் இல்லை.

நடந்தது இதுதான். பொப் 3 இல் இல்லாத ஒரு வசதி, ஐமப் என்ற இன்னோர் உடன்படிக்கையில் உண்டு. 1986 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. அதில் கடிதம் சேர்வரிலேயே இருக்கும். பலர் பல இடங்களிலிருந்து அதைப் பார்க்கலாம். ஒருவர் பார்த்துவிட்டால் "வாசிக்கப்பட்டது" என்ற அடையாளம் அதில் விழும். தொலைபேசியில் திறக்க வசதியாக எமது பெட்டியையும் அம்முறைக்கு மாற்றியிருந்தோம். பெட்ச்மெயில் வழமையாக, வாசிக்கப்படாத கடிதங்களை மட்டுமே எடுத்துவரும். வாசிக்கப்பட்டதை, முன்னரே எடுத்தாகிவிட்டது என்று கருதி விட்டுவிடும். அதோடு, பழைய கடிதங்களைத் துப்புரவு செய்ய இன்னொரு கட்டளையையும் நாம் சேர்த்திருந்தோம். புதியவற்றை எடுப்பதற்கு முன்னர், வாசிக்கப்பட்ட எல்லாவற்றையும் சேர்வரிலிருந்து அகற்றும் கட்டளை அது. அது ஆபத்தானது, தவறாகப் பாவித்தால் கடிதங்கள் இழக்கப்படும் என்று அந்த மென்பொருளின் கைநூலே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை நாம் வாசிக்கவில்லை.

தொண்டர் பஸ்ஸில் திறந்தவுடன் "வாசிக்கப்பட்டது" என்ற அடையாளம் விழுந்தது. அன்றிரவு வேலையாள் எழுந்தான். வாசிக்கப்பட்டதாகையால் அதை எடுத்துவரவில்லை. வாசிக்கப்பட்டதாகையால் அதை அழித்தும்விட்டான். சொன்னதைச் சொன்னபடியே செய்தான். பிழை அவனுடையதல்ல, சொல்லிக்கொடுத்த எம்முடையது.

தொண்டருக்குத் தாயின் பெயர் நினைவிருந்தது. கேட்கப்பட்ட ஆவணங்கள் எவை என்பது சரியாக நினைவில்லை. அனுப்பியவர்களுக்கு எழுதிக் கேட்டோம். பதில் வந்தபோது தவணை கடந்திருந்தது. அவருடைய பெயர் அடுத்த பட்டியலுக்குத் தள்ளப்பட்டது. ஊவாவில் மார்கழி மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு மார்கழியை அந்தப் பிள்ளைகள் கொட்டிலிலேயே கழித்தார்கள்.

அந்தத் தாய் எம்மிடம் வந்தார். கோபிக்கவில்லை. "சாமி, கடுதாசி வந்துச்சுனு பிள்ளை சொல்லுது. வந்த கடுதாசி எங்க சாமி?" என்று மட்டும் கேட்டார். தோட்டத்துக் கந்தோர் மேசையின் முன் நின்று அவருடைய தாயும் பாட்டியும் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வி. கந்தோர் மேசையைக் குறைசொல்லியே பழகிய நாம், அன்று அதே மேசையின் மறுபக்கத்தில் இருந்தோம்.

நடுவில் ஒரு மனிதர்

அதன் பின் நாம் பலரோடு கலந்துரையாடினோம். தானாக நடக்கும் ஏற்பாட்டையே நிறுத்திவிடலாம் என்றார்கள் சிலர். அப்படிச் செய்தால் பெட்டி மீண்டும் நிரம்பும். கடிதங்கள் மீண்டும் திரும்பிப் போகும். எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுப்பது, எதை மனிதர் வைத்துக்கொள்வது என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு எமது அயலிலேயே ஒரு பழைய முன்மாதிரி இருந்தது. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் 1985 இல் திறக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் தமது வயலையும் ஊரையும் நீருக்குக் கொடுத்துவிட்டுப் போயின. அப்பகுதி மக்களுக்கென 1989 இல் கொத்மலை சமுதாய வானொலி தொடங்கியது. 1990 களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியோடு அந்நிலையத்துக்கு இணைய வசதி வந்தது. அக்காலத்தில் கிராமத்தில் கணனி வைத்திருந்தவர் யார்? ஆகவே மக்கள் தமது கேள்விகளைத் தபாலிலோ தொலைபேசியிலோ அனுப்பினார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் விடையைத் தேடி, கிராமத்தவருக்கு விளங்கும் மொழியில் வானொலியில் சொன்னார். பின்னர் 2000 களில் அரசு நெனசல என்ற பெயரில், தமிழில் அறிவகம் என்று, கிராமப்புறங்களிலும் தோட்டப்புறங்களிலும் கணனி நிலையங்களைத் திறந்தது.

கொத்மலையில் தேடும் வேலையைக் கணனி செய்தது. இது யாருக்குத் தேவை, எப்படிச் சொன்னால் விளங்கும், போய்ச் சேர்ந்ததா என்பதை மனிதர் பார்த்துக்கொண்டார். நாம் செய்த தவறு, அந்த இரண்டாவது வேலையையும் இயந்திரத்திடம் விட்டதே. "வாசிக்கப்பட்டது" என்ற ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு, காரியம் முடிந்தது என்று அதைத் தீர்மானிக்கச் சொன்னோம்.

இப்போது நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்கு

எம்மைப் போலப் பொது முகவரி வைத்திருக்கும் நிலையங்களும் சங்கங்களும் இவற்றைக் கவனிப்பது நல்லது.

1. எல்லாக் கடிதங்களையும், வாசிக்கப்பட்டவை வாசிக்கப்படாதவை என்ற பேதமின்றி, எமது கணனிக்கு எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கடிதத்துக்கும் சேர்வர் கொடுக்கும் தனி இலக்கத்தைக் கொண்டு, எடுத்தது எது, எடுக்காதது எது என்று மென்பொருள் அறிந்துகொள்கிறது.

2. எடுத்த அன்றே அழிப்பதில்லை. சேர்வரில் 60 நாட்கள் பிரதி இருக்கும். இடம் போதாமற் போனால் முதலில் பெரிய காணொளிகளை அகற்றுகிறோம். பெட்டியை நிரப்புவது எழுத்தல்ல, படங்களே.

3. குப்பைக் கடிதம் என்று மென்பொருள் சந்தேகிப்பதை அழிக்காமல் தனி அறையில் இடுகிறோம். அழைக்காத விளம்பரக் கடிதம் 1978 ஆம் ஆண்டிலேயே கணனி வலையமைப்பில் தொடங்கிவிட்டது. அதை முற்றாக ஒழிக்க இதுவரை எவராலும் முடியவில்லை. ஆனால் எமது மக்களுக்கு வரும் உண்மையான கடிதங்கள் பல, முன்பின் அறியாத முகவரியிலிருந்து முதன்முறையாக வருபவை. இயந்திரத்தின் கண்ணுக்கு அவை குப்பையைப் போலவே தோன்றும். ஆகவே வாரம் ஒருமுறை ஒருவர் அந்த அறையைத் திறந்து பார்க்கிறார்.

4. எமது கணனியில் இருப்பதன் பிரதி ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைத்திருக்கிறோம். மலை சரிந்தால் கணனியும் போகும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

5. பழைய முறையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். கடிதம் வந்த திகதி, அனுப்பியவர், யாருக்குரியது, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற விபரங்களை எழுதி, உரியவரின் கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம் பெறுகிறோம். அந்த அடையாளம் விழுந்த கடிதமே எம்மிடம் சேர்ந்த கடிதம். அதன் பின்னரே அழிக்கலாமா என்ற பேச்சு.

6. இந்த ஒழுங்கு தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. அமைத்துத் தந்த இளைஞர் வேலை தேடிப் போய்விட்டாலும் இன்னும் இருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் தொலைபேசியிலும் துப்புரவு நடக்கிறது

"எம்மிடம் சேர்வரும் இல்லை, மென்பொருளும் இல்லை, பிள்ளையின் தொலைபேசியில் ஒரு ஜீமெயில் முகவரி மட்டுமே உண்டு" என்பீர்கள். அங்கும் தானாக அழிக்கும் வேலையாள் இருக்கிறான். அவனை அமர்த்தியது நீங்கள் அல்ல என்பதே வித்தியாசம்.

1996 இல் இலவசமாக வந்த ஹொட்மெயில் கொடுத்த இடம் 2 மெகாபைட். 2004 இல் வந்த ஜீமெயில் 1 ஜிகாபைட் கொடுத்தபோது உலகமே வியந்தது. இன்று அது இலவசமாகக் கொடுப்பது 15 ஜிகாபைட். ஆனால் உங்கள் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் படங்களும் காணொளிகளும் அதே இடத்தைத்தான் நிரப்புகின்றன. அது நிரம்பினால் உங்களுக்குக் கடிதம் வராது. ஸ்பாம் என்ற அறைக்குள் விழுந்த கடிதமும், குப்பைத்தொட்டியில் இட்ட கடிதமும் 30 நாட்களில் தாமாகவே அழிந்துபோகும். இரண்டு ஆண்டுகள் ஒருமுறையேனும் திறக்கப்படாத கணக்கை, அதிலுள்ள கடிதங்களோடு அழிக்கலாம் என்பது 2023 முதல் கூகுள் நிறுவனத்தின் விதி.

வீட்டுத்திட்டப் படிவத்தில் எழுதுவதற்காகவே யாரோ ஒருவர் உங்களுக்கு ஒரு முகவரி உண்டாக்கித் தந்திருக்கலாம். அதன் பின் அதை நீங்கள் திறக்கவே இல்லை. பட்டியல் வர மூன்று வருடம் ஆனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மாதம் ஒருமுறையாவது கணக்கைத் திறந்து பாருங்கள். ஸ்பாம் அறையையும் பாருங்கள். கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பையிலேயே வையுங்கள். இடம்பெயரும்போது சிம் அட்டையை மாற்றினால், கணக்கில் பதிந்துள்ள தொலைபேசி இலக்கத்தையும் மறவாமல் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சொல் மறந்த நாளில், அதை மீட்கும் இரகசிய இலக்கம் பழைய சிம்முக்கே போகும். முக்கியமான கடிதத்தை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்" என்று ஒரு கடிதம் வந்தால் அழுத்தாதீர்கள். அது வீட்டுச் சாவியைக் கேட்கும் திருடனின் கடிதம்.

முடிவாக

அந்தத் தாயின் பெயர் அடுத்த பட்டியலில் வந்தது. அறிவித்தல் வந்த அன்றே தொண்டர் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, மலையேறி, கொட்டிலுக்குப் போய் வாசித்துக் காட்டினார். தாய் பதிவேட்டில் பெருவிரலைப் பதித்தார். பின்னர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, மடித்து, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு வைத்துக்கொண்டார். "இப்பதான் சாமி கடுதாசி வந்துச்சு" என்று பிறகு எம்மிடம் சொன்னார்.

சேர்வரின் கணக்கில் அக்கடிதம் வந்தது காலை. அவருடைய கணக்கில் வந்தது மாலை. அவருடைய கணக்கையே இனி எமது கணக்காகக் கொள்வது என்று தீர்மானித்திருக்கிறோம்.